ஒரு பிடி அரிசியும் ஓங்கிய மலையும்

காலையில் எழுந்ததும் குழாயைத் திருகுகிறோம், தண்ணீர் வருகிறது. (வராத நாளில் நகரசபையைத் திட்டித் தீர்க்கிறோம், அது வேறு விஷயம்!) வாசலில் பால் பாக்கெட் கிடக்கிறது. அடுப்பைத் திருகினால் நீலச் சுடர் எழுகிறது. டப்பாவைத் திறந்தால் அரிசி இருக்கிறது. வெளியூரில் படிக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்று தோன்றினால், அடுத்த நிமிஷம் டெலிபோனில் கேட்டுவிடுகிறோம்.

இத்தனைக்கும் நாம் யாருக்காவது மனசார நன்றி சொன்னதுண்டா? சொன்னதில்லை. நமக்குக் கிடைத்ததை எண்ணுவதைவிடக் கிடைக்காததை எண்ணுவது சுலபமாயிருக்கிறது. அடுத்த வீட்டில் கிடைத்ததை எண்ணுவதோ அதைவிடச் சுலபம்!

ஆனால், இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடத்தில், பிறந்த ஊருக்குப் பல்லாயிரம் மைல் அப்பால், குடித்தனம் நடத்திய பெண்கள் சிலர் இருந்தார்கள். அடுப்பில் ரொட்டி வெந்தால் அது அவர்களுக்கு ஆண்டவன் அருள். மழை நின்று சுமைகாரர்கள் மலையேறி வந்து சேர்ந்தால் அது ஆண்டவன் அருள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டால், அன்று வீட்டில் திருநாள்தான். அவர்களுடைய கதையைக் கேட்க என்னுடன் போடிநாயக்கனூர் வரை வாருங்கள்.

பிரயாணத்துக்குப் பயப்பட வேண்டாம். மதுரையிலிருந்து போடிக்கு 1928-ம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. அந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ம் ஆண்டு முடிவில் மூடினார்கள். பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2023 ஜூன் மாதத்தில்தான் போடி ஜனங்கள் மறுபடியும் ரயிலின் ஊதல் ஒலியைக் கேட்டார்கள். ரயில் என்பதும் ஒரு பாக்கியம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போடியில் இறங்கியதும் கடைத் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏலக்காய் மணம் உங்களைத் தேடி வரும். கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பச்சை குறையாத காயைத் தனியாகவும் வெடித்த காயைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மேகம் தொட்டுக்கொண்டிருக்கும் மலை. முந்தல் என்னும் அடிவார ஊரைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் பதினேழைச் சுற்றிச் சுற்றி ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம்: பூப்பாறை, தேவிகுளம், மூணாறு.

துரைசானிகள் ஏறிய பாதை

இன்று மூணாறுக்குப் பல திசையிலிருந்தும் சாலைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில், அந்த மலைக்குத் தலைவாசலாக இருந்தது நம்முடைய போடிதான். 1877-ம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அவரைப் பின்பற்றித் தோட்டம் போட வந்த துரைமார்கள் காப்பி வைத்துப் பார்த்தார்கள். கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்தை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தேயிலை நிலைத்தது.

இந்தத் துரைமார்கள் வந்த வழியைக் கேளுங்கள். ரயில் அம்மையநாயக்கனூரோடு நின்றுவிடும். இன்று கொடைக்கானல் ரோடு என்கிறோமே, அந்த ஸ்டேஷன்தான். அங்கிருந்து சுமார் ஐம்பது மைல் மாட்டு வண்டியில் போடிக்கு. அப்புறம் மட்டக் குதிரை. அதுவும் முடியாத இடத்தில் கால்நடை. கப்பலில் வந்த பீங்கான் கோப்பையும், மேஜை நாற்காலியும், குழந்தையின் தொட்டிலும் ஆள் தலையிலும் மாட்டின் முதுகிலும்தான் மலையேறின.

சாமான்களாவது ஒரு முறை ஏறினால் போதும். சோறு தினம் ஏற வேண்டுமே! தேயிலை விளையும் மலையில் நெல் விளைவதில்லை. தோட்டத்துத் தொழிலாளிகளுக்கான அரிசியும், உப்பும் பருப்பும், துரை வீட்டுக்கான மாவும் கீழேயிருந்தே வந்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டு பாதை சரிந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் கதி என்ன? கையிருப்பில் எத்தனை படி அரிசி இருக்கிறது என்று எண்ண வேண்டியதுதான்.

கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் பரமண்டல ஜெபத்தைக் கேட்டிருப்பீர்கள். அதில் பொன்னும் பொருளும் கேட்பதில்லை. அன்றைய தினத்துக்கு வேண்டிய ஆகாரத்தை மாத்திரம் கேட்கிறார்கள். சமவெளியில், கடைக்குப் பத்து வீடு தள்ளி இருந்துகொண்டு இந்த ஜெபத்தைச் சொல்வது ஒரு விதம். கொட்டும் மழையில், நாற்புறமும் காடு சூழ்ந்த பங்களாவில் இருந்துகொண்டு சொல்வது வேறு விதம் அல்லவா?

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாக ஒரு விநோதமான ஏற்பாடு செய்தார்கள். 1902-ம் ஆண்டில் மூணாறிலிருந்து மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். ஒரு பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். மறு பக்கத்துப் பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுப்பதோ எஞ்சின் அல்ல, மாடு! 1908-ல் அதை மாற்றி, இரண்டடி அகலமுள்ள சின்ன ரயில் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குச் சுமார் ஐந்து கிலோ மீட்டருக்குக் கம்பிக் கயிறு கட்டி, தேயிலைப் பெட்டிகளை ஆகாய மார்க்கமாக இறக்கினார்கள். கீழே வந்த பெட்டிகள் மாட்டு வண்டியில் ஏறி, சுமார் பதினைந்து கிலோ மீட்டர் ஆடி அசைந்து போடிக்கு வந்தன. தேயிலை இறங்கியது, மலைக்கு வேண்டிய சாமான்கள் ஏறின.

அந்த ரயில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1924 ஜூலை மாதத்தில் பெய்த பேய்மழை அதை வாரிக்கொண்டு போய்விட்டது. மலையாளத்தார் இன்றும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று சொல்கிறார்களே, கொல்லம் ஆண்டு 1099-ல் வந்த அதே வெள்ளம். பிறகு அந்தப் பாதையை மறுபடி போடவேயில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால்

ரயிலும் கம்பிக் கயிறும் வருவதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். 1894-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஹென்றி மான்ஸ்பீல்டு நைட் என்ற துரை தம்முடைய இளம் மனைவியை மூணாறுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். பெயர் எலினோர் இஸபெல். வயது இருபத்து நாலு. புது மணப்பெண், புது ஊர், வரப்போகிறது கிறிஸ்துமஸ் பண்டிகை. ஒரு பெண்ணுக்கு அந்தச் சமயத்தில் மனத்தில் என்னென்ன ஆசைகள் இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மலையின் அழகைப் பார்த்த அந்தப் பெண், "நான் இறந்துபோனால் என்னை இந்த இடத்திலேயே புதைத்துவிடுங்கள்" என்று விளையாட்டாகச் சொன்னாளாம். மூணாறில் வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது. விளையாட்டு வினையாயிற்று. வந்து சேர்ந்த சில நாட்களுக்குள் அவளை வாந்திபேதி பிடித்தது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவள் போய்விட்டாள். அவள் விரும்பிய அந்தக் குன்றின் மேலேயே அவளை அடக்கம் செய்தார்கள்.

அப்போது அங்கே மாதாகோயில் கிடையாது. அந்தக் குன்றின் சரிவில் 1910-ல் அஸ்திவாரம் போட்டு, 1911-ல் கட்டி முடித்த கருங்கல் கோயில்தான் இன்றைக்கும் மூணாறில் நிற்கிறது. எல்லா ஊர்களிலும் முதலில் கோயில் எழும்பும்; பிறகு பக்கத்தில் கல்லறைகள் வரும். மூணாறில் மாத்திரம் முதலில் வந்தது ஒரு பெண்ணின் கல்லறை. பிறகுதான் கோயில் வந்தது.

அந்தக் கோயிலுக்குள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. காலம் சென்ற துரைமார்களின் ஞாபகார்த்தமாகப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். இவ்வளவு இழந்தவர்கள் அங்கே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? நேற்று இருந்தவர் இன்று இல்லை என்று கண்ணால் கண்டவர்களுக்குத்தான், இன்று விடிந்ததே பெரிய காரியம் என்று படுகிறது.

இங்கே உங்கள் சமையலறையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், சகோதரிகளே. உப்பு ஜாடி இருக்கிறது. சர்க்கரை டப்பா இருக்கிறது. காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு லிட்டர். அதில் தலை தட்டின டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை. அரை ஸ்பூன் உப்பு. நன்றாகக் கலக்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கொண்டுபோனால், வாந்திபேதி கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். உடம்பிலிருந்து போகும் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் அந்த உப்பையும் நீரையும் சுலபமாக இழுத்துக்கொள்ளும். ரகசியம் இவ்வளவுதான். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, திலிப் மஹலனாபிஸ் என்ற கல்கத்தா டாக்டர் இந்த முறையினாலேயே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிக் காட்டினார்.

உப்பும் சர்க்கரையும் 1894-லும் மூணாறில் இருந்திருக்கும். அதன் பலன் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. ஒரு துரைசானியின் உயிரைக் காக்க வழி தெரியாமல் ஒரு மலையே தவித்தது; இன்று அந்த வழி நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிள்ளைகளைப் பிரிந்த தாய்மார்கள்

போடிக்கு வடகிழக்கே பெரியகுளம். அதற்கு மேலே கொடைக்கானல். அந்தப் பக்கத்து மலைக்கு ஏறியவர்கள் தோட்டக்காரர்கள் அல்ல. அமெரிக்கப் பாதிரிமார்களும் அவர்களுடைய மனைவி மக்களும். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து மிஷன் ஆரம்பித்தவர்கள் இவர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து சேர நாலைந்து மாசம். கடிதம் எழுதிப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருஷம். 1840-களில் அமெரிக்கப் பனிக்கட்டிகூடக் கப்பலேறி வந்து சென்னை ஐஸ் ஹவுஸில் தங்கியது. மதுரை வெயிலுக்கு அது எங்கே வந்து சேரப் போகிறது?

வெயில் மாத்திரமா? வாந்திபேதியும் விஷக் காய்ச்சலும் அவர்கள் வீடுகளில் புகுந்து பலரைக் கொண்டுபோயின. குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போனார்கள், அங்கும் காய்ச்சல். பிறகு பழனி மலைக்கு ஏறினார்கள். 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் எழும்பின. இன்று நாம் தேனிலவுக்கும் கோடை விடுமுறைக்கும் போகிறோமே, அந்தக் கொடைக்கானல், குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்த தாய் தகப்பன்மார் மிச்சமிருந்த குழந்தைகளையாவது காப்பாற்ற வேண்டுமென்று உண்டாக்கிய ஊர். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதையே 1897-ல்தான் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதுவரை கொசுவலையின் அருமையைக்கூட யாரும் சரியாக அறியவில்லை.

பிழைத்த குழந்தைகளுக்கு வேறொரு பிரிவு காத்திருந்தது. படிக்கும் வயசு வந்ததும் அவர்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். எட்டு வயசிலும் பத்து வயசிலும் போன பிள்ளையை மறுபடி பார்க்கும்போது அவனுக்கு மீசை அரும்பியிருக்கும்! இந்த வேதனைக்கு முடிவு 1901-ல் வந்தது. மகனைப் பார்ப்பதற்காக அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் எட்டி என்ற அம்மையாரை முதல் தலைவியாகக் கொண்டு, கொடைக்கானலில் பதின்மூன்று குழந்தைகளுடன் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுவே. அன்றைய தாய்மார்களுக்கு அதன் புகழா பெரிது? "என் பிள்ளை இதே மலையில் இருக்கிறான், லீவு விட்டால் வந்துவிடுவான்" என்பதுதான் பெரிது.

பிடி அரிசி

இந்த நன்றியுணர்ச்சி நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் எப்படிக் கலந்தது என்பதைப் பாருங்கள். தென்னாட்டுச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று நடக்கும். அன்று கோயிலுக்கு வரும் காணிக்கையைப் பார்த்தால் சந்தைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், நெல், கோழி, முட்டை! எல்லாவற்றையும் பீடத்தின் முன் வைத்து ஸ்தோத்திரம் செய்துவிட்டு, பிறகு ஏலம் விடுவார்கள். நாலணா முட்டையை நாற்பது ரூபாய்க்கு எடுப்பவர்களும் உண்டு. கொடுத்ததும் காணிக்கை, வாங்கினதும் காணிக்கை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது பிடி அரிசி வழக்கம். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து வேறொரு பானையில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்கோ ஏழைகளுக்கோ போய்விடும். இந்த வழக்கம் ஒரு மதத்தாருக்கு மாத்திரம் சொந்தமில்லை; பிடி அரிசித் திட்டத்தைக் காஞ்சிப் பெரியவரும் வற்புறுத்தினார். ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுப்பவருக்குப் பெயர் அச்சாகும். பிடி அரிசி கொடுப்பவளுக்குப் பெயர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வேளையும், "இன்றைக்கு என் வீட்டில் உலை கொதிக்கிறது" என்பதை அவள் கையே அவளுக்கு நினைவூட்டிவிடுகிறது.

சுமந்தவர்கள்

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மலைமேல் இருந்தவர்கள் ரொட்டிக்கும் தேநீருக்கும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள், சரிதான். அவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறியவர்களுக்கு? பித்தளைத் தகடுகளில் துரைமார்களின் பெயர் இருக்கிறது. போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், இன்னும் தெற்கேயிருந்தும் கங்காணியின் பின்னால் நடந்து போனவர்களுக்குத் தகடு ஏது? இஸபெல்லின் கல்லறைக்கு இன்றும் பிரயாணிகள் வருகிறார்கள். அதே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் லயத்து வீடுகளில் மடிந்த தமிழ்ப் பெண்கள் எங்கே புதைந்தார்கள் என்று கேட்டால் மலைதான் பதில் சொல்ல வேண்டும்.

சுமக்கிறவர்கள் இன்றும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் கிளம்புகின்றன. நெருக்கி உட்கார்ந்த பெண்கள், மடியில் தூக்குச் சட்டி. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் நின்றுவிட்டன. ஆகவே இவர்கள் காலையில் வேறு மாநிலத்துக்குப் போய் மாலையில் சொந்த மாநிலத்துக்குத் திரும்புகிறவர்கள். ஏலச் செடியில் காய் உச்சியில் தொங்குவதில்லை. தரையோடு தரையாகச் சரம் சரமாகக் காய்க்கிறது. குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். மேலே மழை, கீழே அட்டை. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் வைத்து அனல் காட்டி உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். 2019 ஆகஸ்டில் அந்த ஒரு கிலோ ஏலத்தில் ஏழாயிரம் ரூபாய் வரைக்கும் போயிற்று. பறித்த கைக்கு அந்த விலையில் எவ்வளவு வந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின்மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். நம் மாலை நேரத்துத் தேநீருக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

காலம் சுழன்று இன்று நம் பிள்ளைகளே வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களை எண்ணிப் பாருங்கள். குவைத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகவே அங்கே பல சபைகளில் பெரிய ஆராதனை நடப்பது வெள்ளிக்கிழமையன்று! அராபியர்கள் விருந்தாளிக்குக் கொடுக்கும் காப்பியில் ஏலக்காய் மணக்கும். அந்தச் சின்னக் கிண்ணத்தை வாங்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு கணம் வீட்டு ஞாபகம் வந்து, கண் கலங்கினால் ஆச்சரியமில்லை. அன்று மூணாறில் இருந்த துரைசானிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம் எப்படியோ, அப்படித்தான் இவனுக்கு இந்த மணம்.

அடுத்த முறை பாயசத்தில் போட ஏலக்காய் உரிக்கும்போது ஒரு கணம் கையை நிறுத்துங்கள். கடவுளுக்கு நன்றி சொல்லும் வழக்கமுள்ளவர்கள் அவருக்குச் சொல்லுங்கள். அதோடு, குனிந்து பறித்தவளுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் சம்பளத்தைப் பேசும்போதும், பால் போடும் பையன் மழையில் நனைந்து வரும்போதும் அந்த நன்றி நினைவுக்கு வந்தால், அது வெறும் வார்த்தையாக நின்றுவிடாது.

மூணாறுக் கருங்கல் கோயிலில் இப்போது தமிழிலும் ஆராதனை நடக்கிறது. துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அன்று மூட்டை சுமந்து மலையேறியவர்களின் பேரன் பேத்திகளின் குரலும் இன்று அங்கே ஸ்தோத்திரப் பாட்டில் ஒலிக்கிறது.